பாறசாலைப் பாதிரியாரின் புத்தகங்கள்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சில வாரங்களுக்கு முன் நடந்த ஒரு சிறு சம்பவத்திலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, கணிப்பொறியிலிருந்து அச்செடுத்த நாலைந்து பக்கங்களைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றின் பக்கங்கள். "மாமா, எங்க பாட்டா ஊரு பாறசாலை. அந்த ஊர்ப் பேரைத் தேடினப்போ இது கிடைச்சுது. இதுல எழுதியிருக்கறது எங்க ஆளுங்களைப் பத்தியா?" என்று கேட்டாள். அருகிலே நின்ற அவள் தந்தையின் முகம் மாறிவிட்டது. "இதெல்லாம் இப்ப எதுக்கும்மா? பழைய கதை. வேற ஏதாவது படி" என்றார்.

அந்தப் பக்கங்களில் இருந்தது இதுதான். திருவிதாங்கூரில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள் மேல்சாதியார் முன் எப்படிப் பேச வேண்டும் என்ற விவரம். 'நான்' என்று சொல்லக்கூடாது, 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். தாம் உண்பதைச் 'சோறு' என்று சொல்லக்கூடாது, 'கரிக்காடி' என்று சொல்ல வேண்டும். சாப்பிடப் போகிறேன் என்று சொல்லாமல், தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று அனுமதி கேட்க வேண்டும். தம் குழந்தைகளைக் குரங்குகள் என்றோ கன்றுகள் என்றோ குறிப்பிட வேண்டும். மூச்சுக்காற்று பட்டுத் தீட்டாகிவிடாமல் இருக்க வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேச வேண்டும்.

பெண்ணைப் பெற்றவர் முகம் மாறியதில் வியப்பில்லை. ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து, உழைத்து, ஒரு வீடு வாங்கி, பிள்ளைகளை நல்ல பள்ளியில் சேர்த்திருக்கும் நம்மில் பலர் இத்தகைய பக்கங்களை மூடி வைத்துவிடவே விரும்புகிறோம். நானும் அப்படி மூடி வைத்தவன்தான். ஆனால் கேட்டது குழந்தை. எனவே எழுதியவர் யார், எதற்காக எழுதினார், அவர் எழுத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை ஒரு பாடமாக எழுதித் தருவதாகச் சொன்னேன். இது பெற்றோருக்கும் சேர்த்துத்தான்.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் சாமுவேல் மட்டீர் என்ற லண்டன் மிஷன் பாதிரியார். 1835இல் பிறந்தவர். 1859இல் திருவிதாங்கூருக்கு வந்து முதலில் தங்கியது பாறசாலையில். மிஷன் ஆவணங்களில் அவ்வூர்ப் பெயர் 'பரேசாலி' என்று உச்சரிக்கத் தோன்றும்படி விசித்திரமான எழுத்துக் கூட்டலோடு இருக்கும். கணிப்பொறியில் தேடுவோர் அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சில ஆண்டுகளில் அவர் திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டார். முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் இந்நாட்டில் பணி செய்து, 1893இல் காலமானார்.

அவருக்கு முன்பே பாறசாலையில் ஒரு பாதிரியார் இருந்தார். ஜான் ஆப்ஸ் என்று பெயர். நெய்யூரிலும் பாறசாலையிலுமாக இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இங்கிலாந்து திரும்பியவர், தம் அனுபவங்களை 1870இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'திருவிதாங்கூரில் இருபத்திரண்டு ஆண்டு மிஷனரி அனுபவம்' என்பது அதன் தலைப்பின் பொருள். அடுத்த ஆண்டே, 1871இல், அதே பதிப்பாளரிடமிருந்து மட்டீரின் நூல் வந்தது. ஒரு சிறு கிராமத்தில் அடுத்தடுத்துப் பணி செய்த இரண்டு பாதிரியார்கள், அடுத்தடுத்த ஆண்டுகளில், ஒரே நாட்டைப் பற்றி எழுதிய புத்தகங்கள். தமிழ்நாட்டின் பெரிய நகரங்கள் சிலவற்றுக்குக்கூட அக்காலத்தில் இந்த வாய்ப்பு இல்லை!

பாதிரியார்கள் ஏன் இப்படி எழுதிக் குவித்தார்கள்? இதற்கு இங்கிலாந்தில் ஒரு நூற்றாண்டு முந்தைய பழக்கத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிராமத்துப் பாதிரியார் என்றால் படித்தவர், நிலையான வருமானம் உள்ளவர், ஞாயிறு தவிர மற்ற நாட்களில் ஓய்வும் உள்ளவர். அவர்களிலே எழுத்தில் நாட்டம் கொண்டவர்கள் தாம் இருந்த ஊரையே எழுதினார்கள். கில்பர்ட் வைட் என்பவர் (1720–1793) செல்போர்ன் என்ற தம் கிராமத்தின் பறவைகளையும் செடிகொடிகளையும் மண்புழுவையும்கூட விடாமல் கவனித்து, நண்பர்களுக்குக் கடிதங்களாக எழுதி, 1789இல் நூலாக்கினார். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் மூன்று சிறு பறவைகளை, அவற்றின் குரலை வைத்தே வெவ்வேறு இனம் என்று பிரித்துக் காட்டியவர் அவர். அவர் வளர்த்த ஆமைக்கு டிமதி என்று ஆண்பெயர் வைத்திருந்தார். அது பெண் ஆமை என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. எவ்வளவு கூர்ந்து பார்ப்பவர்க்கும் கண்ணெதிரே ஒன்று தப்பிவிடும் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் இது.

இன்னொருவர் ஜேம்ஸ் உட்ஃபோர்ட் (1740–1803). நார்ஃபோக் பகுதியில் ஒரு கிராமத்துப் பாதிரியார். 1758 முதல் 1802 வரை நாட்குறிப்பு எழுதினார். என்ன சாப்பிட்டார், வேலையாளுக்கு என்ன கூலி கொடுத்தார், ஏழைக்கு எத்தனை பென்னி கொடுத்தார் என்பவைதான் பெரும்பாலும். அவர் உயிரோடு இருந்தபோது அது அச்சேறவில்லை. 1924 முதல் தொகுதிகளாக வெளிவந்தபோது, அக்காலக் கிராம வாழ்வை அறிய அதைவிட நல்ல சாட்சி கிடையாது என்றாயிற்று. பெரிய இலக்கியவாதிகள் எழுதாமல் விட்டதைச் சிறிய எழுத்தாளர் ஒருவர் எழுதி வைத்திருந்தார்.

மட்டீரும் ஆப்ஸும் அரசாங்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். 1795இல் தொடங்கப்பட்ட லண்டன் மிஷன் வேறு மரபினது. ஓய்வான வாழ்வும் அவர்களுக்கு இல்லை. ஆயினும் ஊரைக் கூர்ந்து பார்த்துப் பதிவு செய்யும் அந்தப் பழக்கம் இவர்களிடமும் இருந்தது. மட்டீரின் நூல் முகப்பில் அவர் பெயருக்குப் பின்னால் லின்னேயன் சங்க உறுப்பினர் என்ற குறிப்பு காணப்படும். அது தாவரம், விலங்கு முதலியவற்றை ஆராயும் சங்கம். 1883இல் அவர் வெளியிட்ட 'திருவிதாங்கூரில் உள்நாட்டார் வாழ்க்கை' என்ற நூலைப் புரட்டினால் இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு சமுதாயமாக எடுத்துக்கொண்டு உணவு, வீடு, திருமணம், சொத்துரிமை, சாவுச் சடங்கு என்று வகைப்படுத்திக்கொண்டே போகிறார். மலைவாழ் மக்கள், புலையர், ஈழவர், நாயர், நம்பூதிரி, யாரையும் விடவில்லை. மருமக்கள் வழிச் சொத்துரிமையைப் பற்றி அவர் எழுதியதைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் இன்றும் எடுத்தாளுகின்றனர்.

சில வேளைகளில் செடியை அழுத்திக் காயவைத்து ஏட்டில் ஒட்டுவதுபோல மனிதர்களையும் ஒட்டிவிடுகிறாரோ என்று எனக்குத் தோன்றும். அது ஒரு குறைதான். ஆனால் அப்படி ஒட்டி வைக்காவிட்டால் அந்தச் 'சோறு' என்ற சொல்லின் கதை நமக்குக் கிடைத்திருக்குமா என்றும் தோன்றுகிறது.

அவருடைய 1871 நூலின் தலைப்பு 'தரும பூமி' என்று பொருள்படும். திருவிதாங்கூர் தன்னைத் தானே அழைத்துக்கொண்ட பெயர் அது. ஊட்டுப்புரைகளில் பிராமணர்களுக்கு நாள்தோறும் இலவச உணவு அளித்த நாடு என்பதால் அந்தப் பெயர். அதையே தலைப்பாக வைத்துவிட்டு, உள்ளே அவர் காட்டுவது வேறொரு கணக்கு. நம்பூதிரியிடம் நாயர் நெருங்கலாம், தொடக்கூடாது. ஈழவர் முப்பத்தாறு காலடி தள்ளி நிற்க வேண்டும். புலையர் தொண்ணூற்றாறு காலடி தள்ளி நிற்க வேண்டும். தருமத்தைக் காலடிக் கணக்கில் அளந்த நாடு என்று வாசகரே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். எனக்கு அந்த நூலில் மிகவும் பிடித்தது இந்தத் தலைப்புத்தான்.

அவர் வந்து இறங்கிய ஆண்டும் கவனிக்கத்தக்கது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855 ஜூன் மாத அரச விளம்பரத்தால். அதற்கு முன்பு, 1812இல் ராணி லட்சுமிபாய் காலத்தில் அடிமைகளை வாங்கவும் விற்கவும் தடை வந்திருந்தது. ஆனால் நிலத்தோடு சேர்ந்த அடிமைகளுக்கு அது பொருந்தவில்லை. வயலைப் போலவே அதில் உழைத்தவரையும் விற்றார்கள், ஒற்றி வைத்தார்கள், பாட்டத்துக்கு விட்டார்கள். ஆக, மட்டீர் பாறசாலைக்கு வந்தபோது தெருவில் அவர் கண்ட முதியவர்கள் எல்லாம் சட்டப்படி விடுதலையாகி நாலே ஆண்டு ஆனவர்கள். சட்டம் மாறிய பின்பும் பேச்சு மாறவில்லை என்பதைத்தான் அவர் பதிவு செய்தார்.

அதே 1859இல்தான் மேலாடைப் பிரச்சினையும் ஒரு முடிவுக்கு வந்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளை மூடி ஆடை அணிவதற்கு எதிராக எழுந்த கலவரங்கள் நம் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்தவையே. 1829இல் ஒரு விளம்பரம் வந்தது. தீரவில்லை. 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் மீண்டும் பெரும் கலவரம். சென்னை கவர்னர் சர் சார்லஸ் டிரெவெலியன் அழுத்தம் கொடுக்க, 1859 ஜூலை 26ஆம் நாள் மகாராஜா உத்திரம் திருநாள் விளம்பரம் வெளியிட்டார். நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், அல்லது முரட்டுத் துணியால் மீனவப் பெண்களைப் போல மார்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக்கூடாது! கொடுத்த உரிமையிலும் ஒரு முடிச்சைப் போட்டு வைத்தார்கள்.

இனி, இந்தப் பாதிரியார்களை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு வருவோம். பாடத்தின் முக்கியமான பகுதி இதுதான்.

இப்புத்தகங்கள் நமக்காக எழுதப்பட்டவை அல்ல. லண்டனில் கணப்படுப்பின் அருகே அமர்ந்து படித்து, மிஷனுக்குக் காணிக்கை அனுப்பப் போகும் குடும்பங்களுக்காக எழுதப்பட்டவை. அந்த வாசகர் இரங்க வேண்டும். இரங்க வேண்டுமானால் நம் முன்னோர் பரிதாபத்துக்குரியவர்களாகத் தோன்ற வேண்டும். எனவே பனை ஏறுபவரின் துன்பம் வரும், அவருடைய தொழில் நுணுக்கம் அவ்வளவாக வராது. பாளையை எப்போது சீவ வேண்டும், கடிப்பால் எவ்வளவு இறுக்க வேண்டும், கலயத்தில் எவ்வளவு சுண்ணாம்பு தடவினால் அக்கானி புளிக்காமல் இருக்கும் என்பதெல்லாம் ஒரு பெரிய கல்வி. நாளொன்றுக்கு இருவேளை முப்பது நாற்பது மரம் ஏறி இறங்குபவருக்கு அந்தக் கல்வி உடம்பிலேயே இருந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் பாடாகத்தான் தெரிந்தது.

இதைவிடக் கடுமையாக எழுதியவர்களும் உண்டு. நாம் மதிக்கும் கால்டுவெல் அவர்களே 1849இல் திருநெல்வேலி நாடார்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அம்மக்களின் அறிவையும் பண்பையும் பற்றி அவர் எழுதியவை ஆழமான புண்ணை உண்டாக்கின. படித்துத் தேறிய நாடார்கள் எதிர்த்தனர். பின்னாளில் அந்த நூலைக் கால்டுவெல் திரும்பப் பெற்றுக்கொண்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. இரண்டையும் சேர்த்துத்தான் அவரை நினைக்க வேண்டியிருக்கிறது.

மட்டீருக்கும் குருட்டுப் பகுதி இருந்தது. சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் (1809–1851) பற்றி அவர் 1871 நூலில் எழுதுகிறார். முத்துக்குட்டி என்ற பனைத் தொழிலாளி தம்மை விஷ்ணுவின் அவதாரம் என்று சொல்லிக்கொண்டார் என்ற தோரணையில், ஏளனம் கலந்து, ஒரு போட்டிக் கடைக்காரரைப் பற்றிச் சொல்வது போலச் சொல்கிறார். தாழ்த்தப்பட்டவர் எழ வேண்டும் என்று அத்தனை பக்கம் எழுதியவருக்கு, அவர்கள் தம்முடைய சொந்தக் காலில், தம்முடைய சொந்தச் சொற்களில் எழுவதைக் கண்டால் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் எழுதி வைத்தார். ஏளனமாக எழுதியதும் இன்று வைகுண்டர் வரலாற்றுக்கு ஒரு சான்றாக நிற்கிறது.

ஆகையால் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: இப்படிப்பட்ட பக்கம் கிடைத்தால், இவர் இதைக் கண்ணால் பார்த்தாரா, காதால் கேட்டாரா என்று முதலில் பாருங்கள். காதால் கேட்டார் என்றால் யாரிடம்? அவரிடம் வேலை பார்த்த உபதேசியாரிடமா, அரசு அதிகாரியிடமா? 'அடியன்', 'கரிக்காடி' போன்ற சொற்கள் ஊரில் ஒலித்தவை. அவர் கற்பனை செய்திருக்க முடியாது. இந்த மக்களுக்கு இன்ன குணம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லும் வரிகளோ அவருடைய கருத்து. கருத்தை விட்டுவிட்டு விவரத்தை எடுத்துக்கொள்ளலாம். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான்.

இன்னொன்றையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1883இல் மட்டீர் அந்தப் பெரிய நூலை முடித்தபோது, அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. ஐந்தே ஆண்டுகளில், 1888இல், நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்து அருவிப்புரத்தில் ஸ்ரீ நாராயண குரு ஆற்றிலிருந்து கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். அதே தாலுகாவில் வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யங்காளி, 1893இல், மட்டீர் மறைந்த அதே ஆண்டில், தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். பின்பு ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியைச் சேர்க்க அவர் அழைத்துச் சென்றபோது பள்ளிக்கே தீ வைத்தார்கள். இன்று அந்தப் பள்ளி அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. 1936 நவம்பர் 12இல் கோயில் நுழைவு விளம்பரம் வந்தது. வாய் பொத்திப் பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்துக்குள் இவ்வளவும் நடந்துவிட்டன. இந்தப் பகுதியைச் சொல்லாமல் அந்தப் பக்கத்தை மட்டும் குழந்தையிடம் கொடுத்தால் தவறு. பக்கத்தையே மறைத்தால், இவர்கள் எதைத் தாண்டி வந்தார்கள் என்பது தெரியாமல் போகும்.

அந்தச் சிறுமி கேட்ட இன்னொரு கேள்வி: "அப்ப நாங்க தமிழா, மலையாளமா?" இதற்கு மட்டீர் காலத்தில் விடை கேட்டிருந்தால் ஊரார் சிரித்திருப்பார்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் இரண்டும் ஒரே முற்றத்தில் புழங்கின. நீரை வெள்ளம் என்பார்கள், பலாவைச் சக்கை என்பார்கள், கிழங்கை மரச்சீனி என்பார்கள், ஆனால் தாலாட்டு தமிழில் இருக்கும். 1820இல் நாகர்கோவிலில் மிஷன் அச்சுக்கூடம் தொடங்கப்பட்டபின் தமிழ்ப் புத்தகங்கள் இப்பக்கத்து வீடுகளுக்கு வரத் தொடங்கின.

பிறகு கோடு வந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணி தலைமையில், தாய்த்தமிழகத்தோடு இணைக்கக் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைச் சந்தைக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் ஒரு மாநிலம். லண்டன் மிஷன் வழிவந்த திருச்சபையும் 1959இல் கன்னியாகுமரிப் பேராயம் தனியாகப் பிரிந்ததால் இரண்டாயிற்று. பாறசாலையிலே பள்ளிக்கூடம் மலையாளம், வீட்டில் தமிழ் என்றான குடும்பங்களில், ஒரு தலைமுறையில் வீட்டுப் பேச்சும் மாறத் தொடங்கியது. அங்கிருந்து நம் ஊருக்கு வந்தவர்கள் சிலர் தமிழ்ச் சங்கத்திலும் உறுப்பினர், கேரள சமாஜத்திலும் உறுப்பினர். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் இரண்டு பக்கமும் சாப்பாடு. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அந்தச் சிறுமியின் தந்தை அடுத்த வாரம் வந்தார். பக்கங்களைத் தாமே ஒருமுறை படித்ததாகச் சொன்னார். பிறகு ஊருக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள். எண்பது வயது தாண்டிய பாட்டாவிடம் பேத்தி நேராகவே கேட்டிருக்கிறாள், சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாதாமே, நிஜமா என்று. பாட்டா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு, தான் அப்படிச் சொன்னதில்லை, தன் அப்பாவும் சொன்னதில்லை, ஆனால் அப்பாவுடைய அம்மை சிலபேர் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைச் சிறுவயதில் பார்த்த ஞாபகம் இருக்கிறது என்றாராம். அவர் இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றார் அவர் மகன்.

அதோடு பாட்டா நிறுத்தவில்லை. புத்தகத்தில் பனை ஏறுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று விசாரித்து, படித்துக் காட்டச் சொல்லி, "அவனுக்கு என்ன தெரியும்?" என்று சிரித்திருக்கிறார். பாளை அருவாள், தளைநார், கடிப்பு, முருக்குத்தடி என்று ஒவ்வொரு கருவியாகப் பெயர் சொல்லி, எது எந்த மரத்தில் செய்தது, எதற்கு எந்தக் கை என்று அரைமணி நேரம் பேத்திக்கு விளக்கியிருக்கிறார். அவள் அதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படங்களையும் வரைந்து முடித்ததும் அடுத்த இதழின் சிறுவர் பக்கத்தில் வரும்.

எல்லைப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த உறுப்பினர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்த சொற்கள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவரலாம். வகுப்பு வழக்கம்போல் காலை பத்து மணிக்கு.